வான் வழியும் நீதி வழியும்

பறவையைப் போல் வானிற் பறக்க வேண்டுமென்பது மனிதன் நெடுங்காலம் கண்டுவந்த கனவு. 1903-ம் ஆண்டு டிசம்பர் 17-ந் தேதி அமெரிக்காவில் ரைட் சகோதரர்கள் அதனை நனவாக்கினர். பறக்கக் கற்றபின் எழுந்த அடுத்த கேள்வி யாதெனில், பறப்பவனை ஆள்வது யார், எம்முறையில் ஆள்வது என்பதாம். அக்கேள்விக்கு நேரிய விடை வேண்டி, அந்நாட்டில் சொந்த விமானம் ஓட்டுவோர் பல்லாண்டு நடத்திய கிளர்ச்சியின் வரலாற்றை ஈண்டு நேயர்கட்கு எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

“தோட்டத்தில் உழைப்போர்க்கும் பட்டணத்தில் கணக்கெழுதுவோர்க்கும் விமானக்காரர் வழக்கால் ஆவதென்ன?” என்று சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. ஆனால் அவ்வழக்கு விமானத்தைப் பற்றியது மட்டுமன்று. ஒருவனுடைய உரிமையைப் பறிக்கும் அதிகாரம் படைத்தோர், அவன் தன் பக்கத்தைச் சொல்லுமுன்னரே அதனைப் பறித்துவிடலாமா என்பதைப் பற்றியது. இது எல்லார்க்கும் பொதுவான கேள்வி அன்றோ?

ஆதியில் அமெரிக்காவில் விமானம் ஓட்ட நாடு தழுவிய சட்டம் எதுவுமில்லை. துணிவும் இயந்திரமும் உடையோர் பறந்தனர். பலர் விழுந்து மாண்டனர். 1926-ல் பிறந்த சட்டம் விமானிக்கு அனுமதிச் சீட்டும் விமானத்திற்குப் பரிசோதனையும் வேண்டுமென்றது. அது நன்றே. 1938-ல் மற்றொரு சட்டம் அதிகாரத்தை மேலும் ஒருமுகப்படுத்திற்று. பெரிய கம்பெனிகளுக்கு அரசாங்கத்திடம் பேச ஆளுண்டு. சிறு விமானம் ஓட்டுவோர்க்கோ எவருமிலர். இக்குறையை உணர்ந்து பிலடெல்பியா நகரத்தார் சிலர் முன்னின்று, 1939 மே 15-ல் விமான உடைமையாளர், விமானிகள் சங்கத்தை நிறுவினர். தனித்தனியே முறையிட்டால் காற்றிற் கரையும் குரல், கூடி எழுப்பினால் சட்டசபைச் சுவரை எட்டும் என்பதே அவர்தம் துணிபு.

1958-ல் விமானப் போக்குவரத்திற்கெனத் தனி நிர்வாக இலாகா அமைந்தது. விதி வகுப்பதும், விதி மீறினோரைத் துருவிப் பிடிப்பதும், அவர்தம் சீட்டைப் பறிப்பதும் அவ்விலாகாவின் கையிலேயே இருந்தன. தண்டனையுற்றவர் மேல் வாரியமொன்றில் முறையிடலாம். முறையீடு முடியுமட்டும் சாதாரண உத்தரவு நிறுத்தி வைக்கப்படும். ஆனால் “அவசரம்” என்ற ஒரு சொல்லை இலாகா உத்தரவிற் சேர்த்துவிட்டால், அது அக்கணமே நடைமுறைக்கு வரும். மெய்யாகவே அவசரமுண்டா என்று ஆராய அந்நாளில் வாரியத்திற்கு அதிகாரமில்லை. அவசரமென்று சொன்னவரே அவசரத்திற்குச் சாட்சியுமானார்.

இதன் கொடுமையை நாடறியச் செய்தது பாப் ஹூவர் என்பவரின் வழக்கு. அவர் இரண்டாம் உலகப் போரில் வீழ்த்தப்பட்டு ஜெர்மானியரிடம் சிறைப்பட்டவர். 1945-ல் பகைவர் விமானமொன்றையே ஓட்டிக்கொண்டு தப்பியவர். பின்னர் வான்சாகசக் காட்சிகளில் உலகப் புகழ் பெற்றவர். 1992-ம் ஆண்டு, தம் எழுபதாம் வயதில், ஓக்லஹோமா நகரில் அவர் நிகழ்த்திய காட்சியைக் கண்ட இலாகா உத்தியோகஸ்தர் இருவர், அவர் திறன் குன்றியதாக எழுதி வைத்தனர். 1993 ஏப்ரலில் “அவசர” உத்தரவொன்று அவருடைய உடற்றகுதிச் சான்றிதழைப் பறித்தது. காட்சி நடந்ததோ முந்திய ஆண்டு ஜூன் மாதம்! பத்து மாதம் பொறுத்திருந்த அவசரம் எத்தகைய அவசரமென நாம் கேளாதிருக்க இயலவில்லை. நீதிமன்றம் வரை சென்றும் அவர்க்கு வெற்றி கிட்டவில்லை. ஆஸ்திரேலியா அவரைப் பறக்க அனுமதித்தது. பிறந்த நாடு அனுமதிக்கவில்லை. விமானிகள் திரண்டெழுந்து குரல் கொடுத்தபின், 1995 அக்டோபரில் சான்றிதழ் திரும்பிற்று.

ஒருவர்க்கு நீதி கிடைத்ததோடு சங்கத்தார் அமைந்தாரில்லை. ஹூவர் புகழாளர், பெயரறியாத விமானியின் கதி யாதாகுமென்று எண்ணினர். ஓக்லஹோமா மாகாணச் செனட்டரும் விமானியுமான ஜேம்ஸ் இன்ஹோப் கொணர்ந்த மசோதாவுக்கு ஆதரவு திரட்டினர். 2000 ஏப்ரல் 5-ல் அது சட்டத்தில் இடம் பெற்றது. அவசர உத்தரவு பெற்றவர் 48 மணி நேரத்திற்குள் முறையிடலாம். அவசரம் மெய்யோ பொய்யோ என்பதை வாரியம் 5 நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். இலாகாவின் அதிகாரம் போகவில்லை; அதற்கு ஒரு கடிவாளம் வந்தது.

பின்னர் நேர்ந்ததும் கருதத்தக்கது. 2010 அக்டோபரில் அதே இன்ஹோப், டெக்சாஸ் மாகாணத்தில், மூடிக் கிடந்த ஓடுபாதையில் தம் விமானத்தை இறக்கினார். ஆங்கு வேலை செய்திருந்த தொழிலாளரையும் வண்டிகளையும் தாண்டி விமானம் இறங்கிற்று. எவர்க்கும் ஊறு நேராதது நற்பேறே. மறுபயிற்சியோடு அவரை இலாகா விட்டுவிட்டது. ஆயினும், தம் வானொலிப் பேச்சுப் பதிவைப் பெறுதற்கே தாம் அல்லற்பட்டதாகக் கூறி, 2011-ல் “விமானிகள் உரிமை மசோதா”வைக் கொணர்ந்தார். சங்கங்கள் துணை நின்றன. 2012 ஆகஸ்டு 3-ல் ஜனாதிபதி ஒபாமா கையொப்பமிட்டார். விசாரணை எதைப் பற்றியதென விமானிக்கு எழுத்தில் அறிவித்தல் வேண்டும்; விமானப் போக்குவரத்துப் பதிவுகளை அவர் பெறலாம்; வாரியத்தில் தோற்றவர் ஜில்லா நீதிமன்றம் செல்லலாம் என்பன அதன் சாரம்.

இங்கு நாம் ஒன்றை மறைத்தல் ஆகாது. அன்று ஓடுபாதையில் நின்ற தொழிலாளர்க்குச் செனட் சபையில் இடமில்லை. உரிமை என்பது பறப்பவர்க்கு மட்டும் உரியதாயின், அது சலுகையேயன்றி நீதியாகாது. ஆயினும், மூடிய பாதை போன்ற அபாயங்களை விமானிகட்கு அறிவிக்கும் முறையைச் சீர்திருத்த வேண்டுமென்றும் அச்சட்டமே பணித்தது. அது கீழே நின்று உழைப்போர்க்கும் காப்பாகும். நியாயமான விசாரணை குற்றவாளியைத் தப்புவிப்பதற்கன்று. குற்றவாளி யாரென்பதைப் பிழையின்றிக் காண்பதற்கேயாம்.

சொந்த விமானம் வைத்திருப்போர் வறியரல்லர். செல்வமும் கல்வியும் உடைய அவர்களே, தனித்து நின்றபோது அதிகாரத்தின்முன் வாயற்றவராயினர். 1939-ல் ஒரு சிலர் கூடித் தொடங்கிய சங்கம், 61 ஆண்டு கழித்தே அவசர உத்தரவிற்குக் கடிவாளம் பெற்றது. அவர்கள் கேட்டது தண்டனையினின்று விலக்கன்று. குற்றம் இன்னதென அறிவிப்பு, சான்றைக் காணும் உரிமை, குற்றஞ்சாட்டாத நடுவர் ஒருவர். இம்மூன்றே. வானில் பறப்போர்க்கே இவற்றைப் பெறச் சங்கமும் பொறுமையும் வேண்டியிருந்தனவெனில், மண்ணில் நடப்போர்க்கு அவை எத்துணை வேண்டுமென்பதை நேயர்களே எண்ணிப் பார்ப்பாராக.