சுனாமிப் பிள்ளைகளின் மனக்கணக்கு

பதினொன்றாம் வகுப்புக் கணக்குப்பதிவியலில் ஒரு பாடம் வரும். முதலினச் செலவு, வருவாயினச் செலவு. கட்டடம் வாங்கினால் அது முதலினம். அந்தக் கட்டடத்தில் வேலை பார்ப்பவருக்குச் சம்பளம் கொடுத்தால் அது வருவாயினம். முதலாவது ஒரு தடவையோடு முடிந்துவிடும், இரண்டாவது மாதாமாதம் வாசலில் வந்து நிற்கும். தேர்வில் எழுதிவிட்டு மறந்துபோன இந்த வித்தியாசம், சுனாமியில் பெற்றோரை இழந்த பிள்ளைகளைப் பற்றிப் படிக்கும்போது மறுபடி ஞாபகத்துக்கு வந்தது.

26.12.2004, ஞாயிற்றுக்கிழமை காலை. அப்போது நான் கைக்குழந்தை. எனவே இதில் எழுதுவதெல்லாம் கேட்டதும் படித்ததும்தான். எங்கள் கோட்டக்குப்பம் பக்கக் கடலோரக் குப்பங்களிலும் அலை ஏறியது. விழுப்புரம் மாவட்டக் கரையில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தமிழ்நாடு முழுவதும் சுமார் 8,000 பேர். அதில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல்.

தாயும் தகப்பனும் போய்விட்ட பிள்ளைகளுக்காக நாகப்பட்டினம், கடலூர், கன்னியாகுமரி மாவட்டங்களில் அரசு இல்லங்களைத் திறந்தது. நாகையில் இருந்தது அன்னை சத்யா இல்லம். அன்றைய ஆட்சியர் ஜெ. ராதாகிருஷ்ணன் அங்கே அடிக்கடி போய்வந்ததும், மாற்றலாகிப் போன பிறகும் அந்தப் பிள்ளைகளோடு தொடர்பை விடாமல் இருந்ததும், பல வருடம் கழித்து அங்கே வளர்ந்த பெண்களின் திருமணத்தில் முன்னின்றதும் செய்தித்தாள்களில் வந்த விஷயம். பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்திலிருந்து மனநல நிபுணர்கள் வந்தார்கள். ஆசிரியர்களுக்கும் தன்னார்வலர்களுக்கும் பயிற்சி கொடுத்தார்கள். பிள்ளைகளைப் படம் வரைய வைத்து, விளையாட வைத்து, பேச வைப்பது எப்படி என்று சொல்லிக்கொடுத்தார்கள். மூன்று வருடம் முன்னால்தான் (2001) ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் கருகியிருந்தார்கள். அந்த மாநிலத்தில் குழந்தையின் மனசு பற்றி அரசு பேச ஆரம்பித்ததே பெரிய விஷயம்.

இப்போது பணத்துக்கு வருவோம். உலக வங்கி 2005ல் தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்குமாக ஒப்புக்கொண்ட கடன் 46.5 கோடி டாலர். வீடு, சாலை, மீன்பிடி இறங்குதளம் எனப் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரிகிற வேலைகளுக்கு. பெற்றோரை இழந்த ஒவ்வொரு பிள்ளையின் பெயரிலும் மாநில அரசு 5 லட்சம் ரூபாய் நிரந்தர வைப்பாகப் போட்டது. 18 வயதில் வட்டியோடு கிடைக்கும். நல்ல திட்டம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் ஐந்து வயதுப் பிள்ளை ராத்திரி அலறிக்கொண்டு எழுந்தால், பதிமூன்று வருடம் கழித்து முதிர்வடையும் பணத்தால் அன்றைக்கு என்ன செய்ய முடியும்? பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும். நேற்று இருந்த அதே ஆள், நாளைக்கும் இருக்கப்போகிற ஆள். அந்த ஆளின் சம்பளம் வருவாயினச் செலவு.

அந்த ஆள் எவ்வளவு முக்கியம் என்பது உலகத்துக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்று. இரண்டாம் உலகப்போரில் லண்டன் மீது குண்டு விழுந்தபோது, அன்னா ஃப்ராய்டும் (சிக்மண்ட் ஃப்ராய்டின் மகள்) டோரதி பர்லிங்காமும் ஹாம்ப்ஸ்டெட் பகுதியில் குழந்தைகள் தங்கும் காப்பகங்களை 1941 முதல் 1945 வரை நடத்தினார்கள். குண்டுச் சத்தத்தைவிட அம்மாவைப் பிரிந்ததுதான் குழந்தைகளை அதிகம் உடைத்தது என்று கண்டார்கள். எல்லோரும் எல்லாக் குழந்தைகளையும் பார்த்துக்கொள்வது என்ற முறையை மாற்றி, நாலைந்து குழந்தைகளுக்கு ஒரு பணிப்பெண் என்று சின்னச் சின்னக் 'குடும்பங்களாக' பிரித்தார்கள். முதலில் பொறாமையும் அழுகையுமாக வீடே அமளிதுமளிப்பட்டது. பிறகு குழந்தைகள் தேறினார்கள்.

அதற்குப் பணம் எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் அமெரிக்காவில் சந்தா திரட்டிய ஒரு அமைப்பிடமிருந்து. ஸ்பெயின் உள்நாட்டுப் போரின்போது 1937ல் தொடங்கிய வளர்ப்புப் பெற்றோர் திட்டம் அது. அன்னா ஃப்ராய்ட் அவர்களுக்கு மாதாமாதம் அறிக்கை எழுதி அனுப்பினார். கவனியுங்கள், மாதாமாதம். வந்த பணமும் அப்படித்தான், ஆட்களை வைத்துக்கொள்ள உதவும் பணமாக வந்தது.

நம் நாட்டில் 2009ல் வந்த ஒருங்கிணைந்த குழந்தைகள் பாதுகாப்புத் திட்டம், இல்லங்களுக்கு மாதாந்திரப் பணத்தை ஒழுங்குபடுத்தியது. ஆனால் 50 பிள்ளைகள் இருக்கும் இல்லத்துக்கு ஒரே ஒரு ஆற்றுப்படுத்துநர். ஒரு பிள்ளையின் பராமரிப்புக்கு மாதம் 750 ரூபாய். 2014ல் அது 2,000 ஆனது. இப்போதைய மிஷன் வாத்சல்யாவில் 3,000. சோறு, துணி, சோப்பு எல்லாம் அதற்குள்தான். 2017ன் மனநலப் பராமரிப்புச் சட்டம், உடல் நோய்க்கு உள்ளதுபோல மன நோய்க்கும் காப்பீடு தரவேண்டும் என்கிறது. சரி, பெற்றோர் இல்லாத பிள்ளைக்கு பிரீமியம் கட்டுவது யார்?

2021ல் கொரோனா வந்தது. இரு பெற்றோரையும் இழந்த பிள்ளைகளுக்கு மாநில அரசு அறிவித்த வைப்புத்தொகை எவ்வளவு தெரியுமா? அதே 5 லட்சம். பதினாறு வருட விலைவாசி உயர்வு அந்த எண்ணைத் தொடவே இல்லை. உறவினர் வீட்டில் வளரும் பிள்ளைக்கு மாதம் 3,000 சேர்த்தது நல்ல முன்னேற்றம். ஏனென்றால் அது வருவாயினம்!

எல்லாப் பிள்ளைகளையும் இல்லத்தில் வையுங்கள் என்று நான் சொல்லவில்லை. 2015ன் இளைஞர் நீதிச் சட்டமே இல்லம் கடைசி வழி என்றுதான் சொல்கிறது. பாட்டியோ சித்தியோ இருந்தால் அதுவே மருந்து. ஆனால் கடைசி வழியாக அங்கே வந்து சேரும் பிள்ளைதான் அதிகம் அடிபட்ட பிள்ளை. அதற்குக் கிடைப்பது ஐம்பதில் ஒரு பங்கு ஆற்றுப்படுத்துநர்.

ஒரு சின்னக் கணக்கு. 50 பிள்ளைகளுக்குத் தலா 5 லட்சம் என்றால் இரண்டரைக் கோடி. 7 சதவீத வட்டியில் வருடத்துக்கு 17.5 லட்சம், மாதம் சுமார் 1.45 லட்சம். மாதம் 29,000 சம்பளத்தில் ஐந்து பேரை வைக்கலாம். பிள்ளைகளின் பணத்தை எடுக்கச் சொல்லவில்லை. அதேபோல் இன்னொரு வைப்பை, இல்லத்தின் பெயரில், ஆட்களின் சம்பளத்துக்கு மட்டும் என்று எழுதிப் போடலாமே?

இது புது யோசனையும் இல்லை. சோழர் காலத்தில் கோயில் நந்தா விளக்குக்கு நெய்யாகக் கொடுக்கவில்லை, 96 ஆடுகளைக் கொடுத்தார்கள். அந்த மந்தையைப் பெற்றுக்கொண்டவர் தினமும் நெய் அளக்கவேண்டும். கல்வெட்டில் அவற்றுக்குப் பெயர் 'சாவா மூவாப் பேராடு', அதாவது சாகாத, கிழடாகாத ஆடுகள். மந்தையின் எண்ணிக்கை குறையாத வரைக்கும் விளக்கு அணையாது. ஒரு விளக்கை அணையாமல் வைத்திருக்க ஆயிரம் வருடம் முன்னால் நமக்கு வழி தெரிந்திருக்கிறது. இருட்டைப் பார்த்துப் பயப்படுகிற பிள்ளைக்கும் அப்படி ஒன்று செய்ய முடியாதா என்ன?