வாங்கிச் சென்ற ஏடுகள்



நம்மைப் பற்றி எழுதுகிறவர்கள் நமக்கு என்ன கடன்பட்டிருக்கிறார்கள்? இந்த நினைவு நாளில் இக்கேள்வியை ஜப்பானிய வரலாற்றாசிரியர் அமினோ யோஷிஹிகோவின் (1928–2004) வாழ்க்கையை முன்வைத்து எழுப்ப விரும்புகிறோம்.

டோக்கியோ பல்கலைக்கழகத்தில் படித்த அமினோ, 1950இல் வெகுமக்கள் பண்பாட்டை ஆராயும் நிறுவனமொன்றில் சேர்ந்தார். கடலோர ஊர்களில் பழைய ஆவணங்களைக் கடனாகப் பெற்றுத் தொகுப்பது அங்கு நடந்த பணி. நிதி நின்றதும் பணியும் நின்றது. வாங்கியவற்றில் பல திரும்பிப் போகவில்லை. அமினோ உயர்நிலைப் பள்ளி ஆசிரியரானார். பிறகு நகோயா பல்கலைக்கழகம், 1980 முதல் கனகவா பல்கலைக்கழகம். அந்தப் பழைய கடனை அவர் மறக்கவில்லை. ஊர் ஊராகச் சென்று ஏடுகளை உரியவர்களிடம் ஒப்படைத்தார். அந்தப் பயணங்களைப் பற்றி 1999இல் ஒரு நூலே எழுதினார்.

ஏடுகளோடு, மறைக்கப்பட்ட வாழ்க்கையையும் அவர் மீட்டார். ‘ஹியாகுஷோ’ என்றால் உழவர் என்றே பாடநூல்கள் சொல்லிவந்தன. நோத்தோ தீபகற்பத்தின் தொகிகுனி குடும்பமும் அப்படித்தான் பதிவாகியிருந்தது. அவ்வீட்டு நகர்த்துக் கதவுகளுக்குள் ஒட்டப்பட்டிருந்த கழிவுத்தாள்களோ கப்பல் வணிகத்தைக் காட்டின. நிலமற்றோர் எனப் பதிவானவர்களிலும் வணிகர்கள் இருந்தனர். வரி வாங்கிய அரசின் கண்ணுக்கு நிலம் மட்டுமே தெரிந்தது என்றார் அமினோ.

‘மனிதரல்லாதார்’ எனப் பொருள்படும் ‘ஹினின்’ மக்களைப் பற்றியும் எழுதினார். சாவுத் தீட்டைக் கழித்த அவர்களுக்கு இடைக்காலத்தில் கோயில்களோடும் பேரரசரோடும் நேரடி உறவு இருந்தது. அவர்கள்மீதிருந்த அச்சம் கலந்த மதிப்பு 14ஆம் நூற்றாண்டையொட்டி இழிவாகத் திரிந்தது என்பது அவர் வாதம். குரோதா தோஷியோவின் பார்வை வேறு: ஹினின்கள் சமூக அமைப்புக்கே வெளியே தள்ளப்பட்டவர்கள். தீட்டைச் சுமப்பவருக்குத் தரப்படும் ‘மதிப்பு’ எத்தகையது என்பதை அறிந்த நாமும் அமினோவை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. ஆனால் இழிவுக்கு ஒரு தொடக்கம் உண்டு என்று அவர் தேடியது நமக்கு முக்கியம். தீண்டாமை ஏறத்தாழ கி.பி. 400இல் தோன்றியது என்று அண்ணல் அம்பேத்கர் 1948இல் நிறுவ முயன்றதும் இத்தகைய தேடலே. தொடக்கம் உள்ளதை முடித்துவைக்கவும் முடியும்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் சேரிகளில் பஞ்சமி நில ஆவணம், பழைய மனுக்கள், பாட்டிகளின் பேச்சு என்று ஆய்வுக்காக வாங்கிச் செல்கிறீர்கள். பட்டம் கிடைத்த பிறகும் அந்தத் தெருவுக்குத் திரும்பி வாருங்கள். எடுத்துச் சென்ற தாளோடும், எழுதிய நூலோடும் வாருங்கள். நிலத்துக்காக மனுப்போடும் நாளில் அந்தத் தாள் அவர்கள் கையில் இருக்க வேண்டும்.