குளிர்காலத்து மலிவுச் சீட்டு

கடன் பாரத்தால் ஜப்பானிய தேசிய இரயில்வே தத்தளித்துக்கொண்டிருந்த 1982-ஆம் ஆண்டில், பள்ளி விடுமுறைக் காலங்களில் சாதாரண வண்டிகளுக்குப் பிரயாணிகளைச் சேர்க்கும் உத்தேசத்துடன் பிறந்ததே 'செய்ஷுன் 18' என்னும் பயணச்சீட்டு. பெயரில் பதினெட்டு வயது தொனித்தாலும், கிழவருக்கும் அதை வாங்கத் தடையில்லை.

குளிர்காலச் சீட்டு ஐந்து நாளுக்கு 12,050 யென் விற்ற காலத்தில், நாளொன்றுக்கு 2,410 யென் செலவில், டோக்கியோவில் விடியற்காலை புறப்பட்டு, அத்தாமி, தோயோஹாஷி, ஓகாக்கி என வண்டி மாறி மாறி, ஏறக்குறைய ஒன்பது மணி நேரத்தில் ஒசாகாவை அடையலாம். ஷின்கன்சென் என்னும் அதிவேக வண்டி இரண்டரை மணியில் சேர்த்துவிடுமெனினும் கட்டணம் ஐந்து மடங்குக்கு மேல். ஓகாக்கியில் கதவு திறந்ததும், மூட்டை முடிச்சுகளோடு படிகளில் ஏறி இறங்கி, அடுத்த வண்டியில் இடம்பிடிக்க ஜனங்கள் ஓடுகிற ஓட்டம் பிரசித்தமானது. பனிப் பிரதேசங்களிலோ, உள்ளிருக்கும் உஷ்ணம் வீணாகாதபடி, பிரயாணியே பொத்தானை அழுத்தித்தான் கதவைத் திறக்க வேண்டும்.

ஒரே சீட்டில் ஐந்து முத்திரைகள் பெற்று ஐவர் ஒருநாள் சேர்ந்து போகும் வழக்கம் 2024-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தோடு நின்றது. தொடர்ச்சியான நாட்களில், ஒருவரே உபயோகிக்க வேண்டுமென்று விதி மாறிற்று. புதிய சீட்டோடு தானியங்கி வாயிலில் நுழையும் சௌகரியம், இழந்த அந்தச் சுதந்திரத்துக்கு ஈடாகுமென்று எனக்குத் தோன்றவில்லை.