குழலின் அளவும் குண்டின் அளவும்

திருச்சிராப்பள்ளியிலிருந்து தஞ்சைக்குச் செல்லும் சாலையில் அமைந்த காட்டூரில், நவல்பட்டிலே 1966-இல் நிறுவப்பெற்ற துப்பாக்கித் தொழிற்சாலையை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் பல உண்டு. எனினும் குழலையும் குண்டையும் ஒன்றோடொன்று இசைவிக்கும் பிரச்சினை, இவ்வட்டாரத்திற்கு அத்தொழிற்சாலையினும் பல தலைமுறை மூத்ததாகும். 1752 ஜூன் மாதத்தில் ஸ்ரீரங்கத்தில் பிரெஞ்சுத் தளபதி லா சரணடைந்த காலத்துச் சிப்பாய்களின் துப்பாக்கிக் குழல் வரிகளின்றி வழவழப்பாயிருந்தது. கரிமருந்தின் கசடு படிந்தபின்பும் குண்டு எளிதில் இறங்க வேண்டுமென்பதற்காக, அதனைக் குழலினும் சிறியதாகவே வார்த்தார்கள். அதனால் குறியின் நுட்பம் கெட்டது. குழலின் உள்விட்டத்திற்குச் சரியான குண்டுகளை ஓர் இராத்தல் ஈயத்தில் எத்தனை வார்க்கலாமோ அந்த எண்ணிக்கையே குழலின் பெயராயிற்று. பன்னிரண்டு போர் (bore) என்று இன்றும் வழங்குவது அவ்வழக்கின் எச்சமே.

குழலுக்குள் சுருள் வரிகளை வெட்டத் தொடங்கிய பின்னர், குண்டு அவ்வரிகளைக் கவ்விச் சுழல வேண்டியதாயிற்று. பழைய தாராளம் குற்றமாயிற்று. ஆனால் ரிவால்வரின் மீது பொறித்த எண் மட்டும் மெய் பேசக் கற்றுக்கொள்ளவில்லை. முப்பத்தெட்டு என்று பெயர் பெற்றவற்றுள் ஒரு வகையின் குண்டு 0.357 அங்குலம், பிரிட்டிஷ் இராணுவம் கையாண்ட மற்றொரு வகையின் குண்டு ஏறத்தாழ 0.361 அங்குலம். ஆகவே பழைய ரிவால்வரைப் பரிசோதிக்கும் தேர்ந்த கம்மியர் எண்ணை நம்புவதில்லை. முதலில் அது காலியாயிருப்பதை உறுதி செய்துகொண்டு, குழலைத் துடைத்து எண்ணெய் பூசி, உள்விட்டத்தினும் சற்றே பெரிய மெல்லீயக் குண்டொன்றைப் பித்தளைக் கம்பியால் மெல்லத் தட்டி உள்ளே செலுத்துவார். முதலில் முரண்டி, பின்னர் ஒரே சீராக நகர வேண்டிய அது, இடையில் திடீரென இலகுவாகச் சென்றால், அவ்விடத்தில் குழல் தேய்ந்தோ வீங்கியோ இருக்கிறதென்று அவர் கை கண்டுகொள்ளும். வெளிவந்த ஈயத்தில் குழலின் வரிகள் அப்படியே பதிந்திருக்கும். பிரிட்டிஷாரின் வெப்லி, என்ஃபீல்டு ரிவால்வர்களில் வரிகள் ஏழு. ஒரு பள்ளத்திற்கு நேரெதிரே மேடு நிற்குமாதலால், சாதாரண மைக்ரோமீட்டர் அங்கே மெய்யான விட்டத்தைக் காட்டாது. மூன்று இடங்களில் தொட்டு அளக்கும் கருவி வேண்டும். பின்னர் உருளையின் அறைவாய்களையும் ஒவ்வொன்றாக அளப்பார். அவை குழலின் பள்ள அளவினும் குறுகியிருந்தால், குண்டு அங்கேயே நசுங்கிச் சிறுத்து, வெப்ப வாயு அதனைச் சுற்றிப் பாய்ந்து குழலில் ஈயம் அப்பும். அங்குலத்தின் ஆயிரத்தில் ஓரிரு பங்கே இவ்வித்தியாசத்தை உண்டாக்கிவிடும்.

அரசாங்கமும் இவ்வளவுகளைக் கவனியாமலில்லை. 1878-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தால் குடிகளின் துப்பாக்கிகளைக் கட்டுப்படுத்திய பிரிட்டிஷ் ஆட்சி, இராணுவத் தோட்டாக்கள் கலகக்காரர் கைக்கு உதவக் கூடாதென்று, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 0.450 அங்குலத் தோட்டாக்களை இந்தியாவுக்குள் வரவொட்டாமல் தடுத்தது. இங்கிலாந்தின் துப்பாக்கிக்காரர்கள் 0.470 முதலிய புதிய அளவுகளை உண்டாக்கி வியாபாரத்தைக் காத்துக்கொண்டார்கள். சுதந்திர இந்தியாவின் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்கீழ் 1962-இல் ஏற்பட்ட விதிகளோ, எவ்வளவுக் குழலாயினும், 0.380 அல்லது 0.455 அங்குல விளிம்புத் தோட்டாவை ஏற்றுச் சுடவல்ல ரிவால்வர் தடைப்பட்ட வகையைச் சேர்ந்ததென்று கூறின. பொறித்த பெயரினும் ஏற்கும் திறனே பெரிது என்பதனைச் சட்டமும் ஒப்புக்கொண்டது.

இருப்பினும் சட்டத்தின் கேள்வி வேறு. கம்மியரின் கேள்வி வேறு. தோட்டா உள்ளே நுழையுமா என்று சட்டம் கேட்கிறது. குண்டு குழலோடு பொருந்துமா என்று கம்மியர் கேட்கிறார். நுழைவதெல்லாம் பொருந்துவதாகாது. பாட்டனார் காலத்து ரிவால்வர் பெட்டியில் கிடக்கக் கண்டவர்கள், அதில் எதனையும் இட்டுப் பார்க்காமல், உரிமப் பத்திரத்தை முறைப்படுத்திக்கொண்டு, அனுமதி பெற்ற கம்மியரிடம் அதனை ஒப்படைப்பதே உயிருக்கும் சட்டத்திற்கும் உகந்தது.