மணிமேடையிலிருந்து மணிக்கட்டுக்கு

நாகர்கோவில் நகரின் நடுவே நிற்கும் மணிமேடையை அறியாதவர் நாஞ்சில் நாட்டில் இல்லை. 1893ஆம் ஆண்டு, திருவிதாங்கூர் மன்னர் ஸ்ரீமூலம் திருநாள் காலத்தில் அது திறக்கப்பட்டது. லண்டன் மிஷனைச் சேர்ந்த போதகர் டத்தி அளித்த கடிகாரம் அதில் பொருத்தப்பட்டது. ஊர் முழுவதற்கும் ஒரு கடிகாரம் போதும் என்றிருந்த காலம் அது. பின்னர் டிஜிட்டல் கைக்கடிகாரம் பள்ளி மாணவர் கைக்கும் வந்துவிட்டது. அதன் மீது குவார்ட்ஸ், எல்.சி.டி., வாட்டர் ரெசிஸ்ட் என்றெல்லாம் எழுதியிருக்கும். இச்சொற்களின் பொருள் என்ன? அவை பிறந்த வரலாற்றைப் பார்த்தால் பொருளும் விளங்கும்.

நான்கு வேலைகள்

எந்தக் கடிகாரமும் நான்கு வேலைகளைச் செய்ய வேண்டும். ஆற்றல் வேண்டும், சீராக ஆடும் பொருள் ஒன்று வேண்டும், அந்த ஆட்டங்களை எண்ண வேண்டும், எண்ணியதைக் காட்ட வேண்டும். பழைய கோபுரக் கடிகாரங்களில் மேலே ஏற்றிய எடைக்கட்டி மெல்ல இறங்கி ஆற்றலைத் தரும். ஊசல் ஆடும், பற்சக்கரங்கள் எண்ணும், முட்கள் காட்டும். டிஜிட்டல் கடிகாரத்தில் எடைக்கட்டிக்குப் பதில் மின்கலம். ஊசலுக்குப் பதில் குவார்ட்ஸ் படிகம். பற்சக்கரங்களுக்குப் பதில் மின்னணுச் சுற்று. முட்களுக்குப் பதில் எண்கள். கருவிகள் மாறினவே தவிர வேலைகள் மாறவில்லை.

குவார்ட்ஸ் என்பது எது?

1880இல் பிரான்சில் பியர் கியூரியும் அவர் தமையன் ஜாக் கியூரியும், குவார்ட்ஸ் போன்ற படிகங்களை அழுத்தினால் மின்சாரம் தோன்றுவதைக் கண்டனர். இதன் மறுதலையும் உண்மை. மின்சாரம் பாய்ச்சினால் படிகம் அதிரும். அந்த அதிர்வு மிகச் சீரானது. 1927இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் வாரன் மாரிசன் முதல் குவார்ட்ஸ் கடிகாரத்தை உருவாக்கினார். அதை மணிக்கட்டில் அணியும் அளவுக்குச் சுருக்க நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயின. 1969 டிசம்பர் 25ஆம் நாள் ஜப்பானின் சீக்கோ நிறுவனம் ஆஸ்ட்ரான் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

ஆஸ்ட்ரானில் எண்கள் இல்லை, முட்களே இருந்தன. ஆகவே குவார்ட்ஸ் வேறு, டிஜிட்டல் வேறு. முன்னது ஆடும் பொருளின் பெயர். பின்னது காட்டும் முறையின் பெயர். டாட்டா குழுமமும் தமிழக அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமும் 1984இல் தொடங்கிய டைட்டன் நிறுவனம், ஓசூர் ஆலையில் முள்ளுள்ள குவார்ட்ஸ் கடிகாரங்களைப் பெருமளவில் செய்தது இதற்கு நம் நாட்டுச் சான்று.

இக்கடிகாரங்களில் உள்ள படிகம் இசைக்கவை வடிவானது. விநாடிக்கு 32,768 முறை அதிர்வது. ஏன் இந்த விசித்திர எண்? 2ஐ 15 முறை பெருக்கினால் வருவது 32,768. மின்னணுச் சுற்று இதைப் பாதி பாதியாகப் பதினைந்து முறை வகுக்கும். கடைசியில் விநாடிக்கு ஒரு துடிப்பு கிடைக்கும்.

ஒளிரும் எண், கறுக்கும் எண்

1972இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த பல்சர் கடிகாரத்தில் எல்.இ.டி., அதாவது ஒளி உமிழ் டயோடு, சிவப்பு எண்களைக் காட்டியது. மின்கலம் விரைவில் தீரும் என்பதால் பொத்தானை அழுத்தினால்தான் நேரம் தெரியும். 1973இல் சீக்கோ ஆறு இலக்க எல்.சி.டி. கடிகாரத்தை வெளியிட்டது. திரவப் படிகம் தானாக ஒளிராது. மின்னழுத்தம் பட்ட இடத்தில் வெளியொளியை மறைத்துக் கறுப்பாகத் தெரியும். இதற்கு வேண்டிய மின்சாரம் மிகச் சிறிது. 1989இல் வந்த காசியோ எஃப்-91டபிள்யூ ஒரே மின்கலத்தில் ஏறத்தாழ ஏழு ஆண்டு ஓடுவது இதனால்தான்.

எண்ணை எந்த அளவு நம்பலாம்?

நிறுத்து கடிகாரம் விநாடியில் நூறில் ஒரு பங்கைக் காட்டும். அது நுண்மை, துல்லியம் வேறு. மேற்சொன்ன காசியோ மாதத்திற்கு 30 விநாடி வரை முந்தலாம் அல்லது பிந்தலாம். இது லட்சத்தில் ஏறக்குறைய ஒரு பங்குப் பிழை. இத்தகைய படிகம் சுமார் 25 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சரியாக அதிரும்படி செய்யப்படுகிறது; வெப்பம் கூடினாலும் குறைந்தாலும் சற்றே பிந்தும்.

வாட்டர் ரெசிஸ்ட் 30 மீட்டர் என்பதையும் தவறாகக் கொள்ளலாகாது. அசையாத நீரில் அந்த ஆழத்துக்குரிய அழுத்தத்தில் சோதித்தார்கள் என்பதே அதன் பொருள். கை கழுவலாம், மழையில் நனையலாம். குளச்சலிலோ முட்டத்திலோ அதை அணிந்து கடலில் நீந்தக் கூடாது. நீந்துவோருக்கு 100 மீட்டர் குறியுள்ளது வேண்டும். நீருக்குள் பொத்தானை அழுத்தலாகாது. உப்புநீர் பட்டால் நன்னீரில் கழுவிவிட வேண்டும்.

கடைசியாக ஒன்று. 1906 முதல் இந்தியாவின் பொது நேரம் 82½ டிகிரி கிழக்குத் தீர்க்க ரேகையைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. நாகர்கோவில் அதற்கு மேற்கே சுமார் 5 டிகிரி தள்ளி உள்ளது. ஒரு டிகிரிக்கு 4 நிமிடம். ஆகவே இங்கு நண்பகல் சராசரியாக 12 மணி 20 நிமிடத்துக்கு நேர்கிறது. பூமியின் பாதை நீள்வட்டமாகவும் அதன் அச்சு சாய்ந்தும் இருப்பதால், இது நவம்பர் தொடக்கத்தில் 12.04க்கும் பிப்ரவரி நடுவில் 12.34க்கும் நகரும். வெயிலில் ஒரு குச்சியைச் செங்குத்தாக நட்டு, நிழல் மிகக் குறுகும் நேரத்தைக் குறித்துப் பாருங்கள். சூரியனுக்கும் கடிகாரத்துக்கும் உள்ள வேறுபாடு தெரியும். விநாடியை எண்ணுவது படிகத்தின் வேலை. எந்த விநாடியைப் பன்னிரண்டு மணி என்று அழைப்பது என்பது மனிதர் செய்துகொண்ட ஏற்பாடு.