ரிங் கா கிங்கும் படுகளத்து துரியோதனனும்

மக்களே, இது மல்யுத்தப் பதிவு. ஒலிம்பிக்ஸ்ல மெடல் வாங்கற மல்யுத்தம் இல்லை. அண்டர்டேக்கர், ஜான் சீனா வகையறா. "அதெல்லாம் டுபாக்கூர்தானே"ன்னு ஆரம்பிக்கறவங்க இப்பவே அப்பீட் ஆகிக்கலாம். இல்லைன்னா பொறுமையா கீழ வரைக்கும் வாங்க, அதுக்கும் பதில் வெச்சிருக்கேன் :-)

திருவல்லிக்கேணியில வளர்ந்த எங்க செட்டுக்கு கிரிக்கெட்டுக்கு அடுத்த மதம் இதுதான். பைகிராப்ட்ஸ் ரோட்டு (அதாங்க, பாரதி சாலை) பிளாட்பாரத்துல வாங்கின ட்ரம்ப் கார்டு சீட்டுல கிரேட் காளி வந்துட்டா போதும், உயரம் கேட்டே எதிராளியை மொட்டையடிச்சுடலாம். போன வாரம் ஆபீஸ்ல ஒரு தம்பி கேட்டான்: "அண்ணே, இவ்வளவு பேர் பாக்கறாங்களே, நம்ம நாட்டுல சொந்தமா ஒரு சின்ன கம்பெனி ஏன் நிக்கவே மாட்டேங்குது?" நல்ல கேள்வி. பதிலுக்கு வரலாற்றுல கொஞ்சம் தோண்டணும்.

பெரிய அளவுல ஒரு முயற்சி நடந்தது 2012ல. டிஎன்ஏ-ன்னு ஒரு அமெரிக்கக் கம்பெனி, 2002ல ஜெஃப் ஜாரெட்டும் அவர் அப்பா ஜெர்ரியும் ஆரம்பிச்சது. டபிள்யூடபிள்யூஇ யானைன்னா இது ஆட்டுக்குட்டி. அந்த ஆட்டுக்குட்டி எண்டெமால் இந்தியாவோட கைகோத்து "ரிங் கா கிங்"னு ஒரு நிகழ்ச்சி பண்ணுச்சு. ஹர்பஜன் சிங் விளம்பரத் தூதர். ஸ்காட் ஸ்டெய்னர், மேட் மார்கன், அபிஸ்னு வெளிநாட்டு ஆளுங்க, கூடவே நம்ம பசங்க. ஜனவரி 28ஆம் தேதி கலர்ஸ் சேனல்ல தொடங்கி ஏப்ரல் 22ல முடிஞ்சது. மொத்தம் 26 எபிசோட். அவ்வளவுதான், ரெண்டாவது சீசன் வரவே இல்லை.

ஏன்? என் கணிப்பு இது. அத்தனை எபிசோடையும் புனே பாலேவாடி விளையாட்டு வளாகத்துலயே எடுத்தாங்க. மல்லனுக்கு ஊர் இல்லை, ஊருக்கு மல்லன் இல்லை. டிவியில பாத்தவன் அடுத்த வாரம் தன் ஊர் மைதானத்துல போய் டிக்கெட் வாங்க வழியே கிடையாது. சேனல்காரன் மனசு மாறினா கடை மூடல்தான். எங்க பாஷையில சொன்னா சிங்கிள் பாயிண்ட் ஆஃப் ஃபெயிலியர்.

இதுக்கு நேர் எதிர் தாராசிங். 1987 ராமாயண சீரியல் அனுமாரா மட்டும் அவரைத் தெரிஞ்சவங்களுக்கு: மனுஷன் 1940களின் கடைசியில சிங்கப்பூர் போய், டிரம் செய்யற ஆலையில வேலை பாத்துக்கிட்டே மல்யுத்தம் கத்துக்கிட்டவர். அப்போ சிங்கப்பூர்ல நியூ வேர்ல்ட், கிரேட் வேர்ல்ட், ஹாப்பி வேர்ல்டுன்னு பொழுதுபோக்குப் பூங்காக்கள். உழைச்சுக் களைச்ச ஜனம் சாயங்காலம் அங்க கூடும், குஸ்தியும் அங்கதான். ஹங்கேரியில பிறந்த எமிலி சாயாங்கற கிங்காங், எடை 180 கிலோவுக்கு மேல, அந்த வட்டாரத்தோட ஆஸ்தான வில்லன். அவரைத் தாராசிங் தலைக்கு மேல தூக்கினாருங்கறதைத்தான் தாத்தாக்கள் எல்லாரும் சொல்வாங்க. டிவியே இல்லாத காலம். போஸ்டர், வாய்வழி, வாசல்ல டிக்கெட் காசு. ஊர் ஊரா போனாங்க, பொழைச்சாங்க. ஆனா அதுலயும் ஒரு ஓட்டை இருந்தது. 1983ல தில்லியில தாராசிங் கடைசிப் போட்டி நடத்தி ஓய்வு பெற்றார். அவர் இடத்துல நிக்க இன்னொரு தாராசிங் தயாராகலை. சேனலுக்குப் பதிலா இங்க ஆளே சிங்கிள் பாயிண்ட்.

அமெரிக்காவுலயும் ஒரு காலத்துல இப்படித்தான், வட்டாரத்துக்கு ஒரு கம்பெனி. வின்ஸ் மக்மேன் 1982ல அப்பாவோட கம்பெனியை வாங்கி, கேபிள் டிவி உதவியோட ஒவ்வொண்ணா முழுங்கினார். 2001ல டபிள்யூசிடபிள்யூவும் அவர் வயித்துக்குள்ள போச்சு.

இப்போ அந்த டுபாக்கூர் மேட்டர். முடிவு முன்னாடியே எழுதப்பட்டதுன்னு 1989ல மக்மேன் தரப்பே நியூஜெர்சி சட்டசபையில ஒத்துக்கிச்சு, அரசுக் கட்டுப்பாட்டுலேருந்து தப்பிக்க. அதுக்கப்புறம்தான் வியாபாரம் இன்னும் கொழுத்துச்சு! நமக்கு இது ஆச்சரியமாவே இருக்கக்கூடாது. விழுப்புரம், திருவண்ணாமலை பக்கம் திரௌபதியம்மன் கோவில் படுகளம் பாத்திருக்கீங்களா? மண்ணுல பெருசா துரியோதனன் படுத்திருப்பான். கூத்து கட்டின வீமன் கதாயுதத்தோட துரியோதனனைச் சுத்திச் சுத்தித் துரத்துவார். யார் சாவான்னு கைக்குழந்தைக்குக் கூடத் தெரியும். இருந்தும் தொடையில அடி விழற நேரத்துல கூட்டம் அலறும். இன்னும் பின்னால போனா புறநானூறு 80. ஆமூர் மல்லனைப் போர்வைக்கோப்பெருநற்கிள்ளி வீழ்த்தறதைப் பாடற சாத்தந்தையார், பிடிக்குதோ பிடிக்கலையோ இதை அவன் அப்பன் தித்தன் பாக்கணும்கறார். அப்பா-பிள்ளை சண்டையை ரிங்குக்குள்ள கொண்டுவர்ற வித்தை மக்மேனுக்கு முன்னாடியே நம்மகிட்ட இருந்திருக்கு ஹிஹி.

படுகளத்துக்கு யார் காசு? டிக்கெட்டும் இல்லை, ஸ்பான்சர் சேனலும் இல்லை. தலைக்கட்டு வரி, உபயம். கூத்து ஜமா ஊர் ஊரா போய் சீசன் முழுக்க ஆடும். சின்ன மல்யுத்தக் கம்பெனிக்கு எதிர்காலம்னு ஒண்ணு இருந்தா அது இந்த வழியிலதான்னு நினைக்கறேன்.

காளி 2015ல ஜலந்தர்ல ஆரம்பிச்ச சிடபிள்யூஇ இந்த இடத்துக்கு ஓரளவு கிட்ட வந்துச்சு. காரணம், முதல்ல பள்ளிக்கூடம், அப்புறம்தான் ஷோ. 2016 பிப்ரவரியில உத்தரகாண்ட் ஹல்த்வானியில காளி மண்டை உடைஞ்சு ஆஸ்பத்திரி போனதை நியூஸ் சேனல்கள் சீரியஸா ஓட்ட, நாலு நாள் கழிச்சு டேராடூன்ல வந்து பழிவாங்கினார். ஓசி விளம்பரம்னா அது! அதே வருஷம் சல்வார் கமீஸ்ல சண்டை போட்ட கவிதா தேவி வீடியோ உலகம் சுத்துச்சு. அடுத்த வருஷமே டபிள்யூடபிள்யூஇ அவரைக் கொத்திக்கிட்டுப் போயிடுச்சு. அங்க மோதின முதல் இந்தியப் பெண் அவர். அவருக்குப் பெருமைதான், கம்பெனிக்கு? வளர்த்த ஆள் போனா கதையை முதல்லேருந்து எழுதணும். இதைத் தடுக்க முடியாது, ஒருத்தர் போறதுக்குள்ள ரெண்டு பேரைத் தயார் பண்ணத்தான் முடியும். தாராசிங் காலத்துல நடக்காததும் அதுதான்.

செலவு ராக்கெட் சயன்ஸ் இல்லை. ரிங்னா இரும்பு பீம், மேல மரப்பலகை, மெல்லிசா ஃபோம், கேன்வாஸ், கயிறு. லாரியில ஏத்திடலாம். கஷ்டம் ஆளுங்கதான். அந்தப் பலகை மேல மல்லாக்க விழக் கத்துக்கவே மாசக்கணக்காகும். தப்பா விழுந்தா கழுத்து போச்சு. அடி டுபாக்கூரா இருக்கலாம், விழறது நிஜம். இன்ஷூரன்ஸ் இல்லாத சின்ன கம்பெனியில சேர்ற பையனை நினைச்சாத்தான் எனக்கு பக்குன்னு இருக்கு.

தமிழ்ல? ஆள் பாக்கத் தயார். 2021 ஜூன்ல சோனி டென் 4 சேனல் டபிள்யூடபிள்யூஇ-யைத் தமிழ் வர்ணனையோட குடுத்துச்சு. 2023 செப்டம்பர்ல சீனாவே ஹைதராபாத் கச்சிபவுலி வரைக்கும் வந்துட்டார். 2025 ஏப்ரல்லேருந்து இந்தியாவுல நெட்ஃபிளிக்ஸ். கபடி மாதிரி ஆகுமான்னு கேட்டா, 2014ல புரோ கபடி டிவிக்கு வந்தப்போ ஊருக்கு ஊர் ஏற்கெனவே கபடி டீம் இருந்தது. இங்க அந்த அடித்தட்டு இல்லை. ஆடி மாசம் கூழ் ஊத்தற கோவில் பக்கத்துல ஒரு ரிங் போட்டு, உள்ளூர்க்காரனை ஹீரோவாவும் பக்கத்து ஊர்க்காரனை வில்லனாவும் இறக்கினா மெல்லிசைக் கச்சேரிக்கு வர்ற கூட்டம் இதுக்கும் வரும். முதல் வருஷம் லாபம் எதிர்பார்க்காதீங்க.

உங்க வீட்டுப் பெரியவங்க தாராசிங், கிங்காங் குஸ்தியை எந்த ஊர்ல பாத்தாங்க, டிக்கெட் எவ்வளவுன்னு கேட்டு பின்னூட்டத்துல போடுங்க. அடுத்த பதிவுக்கு அது தேவைப்படும்.