துணி சுற்றிய கம்பிகள்: பழைய காரின் உட்புறமும் செஞ்சிக் கோட்டையும்

செஞ்சிக் கோட்டையில் இன்று நாம் காண்பது பெரும்பாலும் கல். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் என்னும் மூன்று குன்றுகளையும் இணைத்தோடும் மதில்கள் நிற்கின்றன. களஞ்சியங்களும் கோயில்களும் நிற்கின்றன. ராஜகிரியின் அடிவாரத்து அரண்மனையிலோ அடித்தளம் மட்டுமே அகழ்வில் வெளிப்பட்டது. கதவு, திரை, விரிப்பு, சுவரின் வண்ணம் என்று மனிதர் தொட்டுப் புழங்கியவை ஏறக்குறைய முழுதும் மறைந்துவிட்டன. கல்யாண மகாலின் மேல் தளங்களுக்குச் சுடுமண் குழாய்கள் வழியே நீர் ஏற்றியிருக்கிறார்கள். கட்டடத்தின் நரம்புகள் என்று சொல்லத்தக்கவை அவை. சுற்றுலா வருவோரில் அவற்றைத் தேடிப் பார்ப்பவர் மிகச் சிலர்.

வெளிக்கூடு நிற்கும், உட்புறமும் நரம்புகளும் முதலில் போகும் என்பது கோட்டைகளுக்கு மட்டும் உரிய விதியன்று. இருபதாம் நூற்றாண்டின் கார்களுக்கும் அது பொருந்துகிறது. பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைப் புதுப்பிக்கும்போது தகடும் பெயிண்டும் எஞ்சினும் பெறும் கவனத்தில் ஒரு பங்கையேனும் இருக்கையும் வயரிங்கும் பெறுவதில்லை. ஆனால் அந்த வண்டி எப்படி வாழ்ந்தது என்ற செய்தி அதிகம் தங்கியிருப்பது அங்கேதான்.

தமிழ்நாட்டுக்கு நெருக்கமான ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். பிரிட்டனின் ஸ்டாண்டர்ட்-டிரையம்ப் நிறுவனம் 1959இல் டிரையம்ப் ஹெரால்ட் என்னும் சிறு காரை வெளியிட்டது. வடிவமைத்தவர் இத்தாலியரான ஜியோவான்னி மிக்கெலொட்டி. தனிச் சட்டகத்தின் மீது பகுதி பகுதியாகப் போல்ட் போட்டு இணைக்கும் உடல், முன்பக்கம் முழுவதுமாகக் கவிழ்ந்து திறக்கும் பானெட் ஆகியவை அதன் அடையாளங்கள். 1962இல், முன்பின் சக்கரங்களுக்கு இடையே 91.5 அங்குலம் இருந்த அச்சட்டகத்தை 83 அங்குலமாகக் குறுக்கி, அதே மிக்கெலொட்டி வரைந்த இரண்டு இருக்கைத் திறந்த உடலை ஏற்றினார்கள். அதுவே டிரையம்ப் ஸ்பிட்ஃபயர். 1980 வரை உற்பத்தியில் இருந்த இந்த ஸ்போர்ட்ஸ் கார் இன்று உலகெங்கும் ஆர்வலர்களின் கொட்டகைகளில் பழுதுபார்க்கப்படும் கார்களில் ஒன்று.

ஸ்பிட்ஃபயர் இங்கே அபூர்வம். அதன் உடன்பிறப்பு அப்படியன்று. 1948இல் தொடங்கப்பட்ட ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா, சென்னைக்குத் தெற்கே வண்டலூர் அருகிலிருந்த ஆலையில் 1961 முதல் ஸ்டாண்டர்ட் ஹெரால்டைச் செய்தது. அதே 1961இல்தான் பாடியின் லூகாஸ்-டிவிஎஸ் நிறுவனமும் உருவாகி, கார்களுக்கான மின்கருவிகள் உள்ளூரிலேயே கிடைக்க வழி பிறந்தது. 1960களின் பிற்பகுதியில் பிரிட்டனில் இல்லாத நான்கு கதவு ஹெரால்ட் இங்கே வந்தது. 1972இல் அதன் இடத்தைப் பிடித்த கெசல், ஹெரால்டின் தனித்தியங்கும் பின் அச்சைக் கைவிட்டு ஒற்றைத் திட அச்சுக்கு மாறியது. சோழவரத்தின் போர்க்கால விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களில் ஹெரால்டுகளும் ஓடின. 1980களின் இறுதியில் ஆலையில் கார் உற்பத்தி நின்றுபோனது.

இனி அந்த வண்டிகளின் உள்ளே பார்ப்போம். வயரிங் கிட் என்று நம் மெக்கானிக்குகள் சொல்லும் கம்பித் தொகுதிக்கு ஓர் இலக்கணம் உண்டு. பிரிட்டிஷ் கார்களில் பழுப்புக் கம்பி பேட்டரியிலிருந்து நேரே வருவது, ஃபியூஸ் காணாதது. வெள்ளை, சாவியைத் திருப்பினால் உயிர் பெறுவது. பச்சை, சாவிக்குப் பின் ஃபியூஸ் கடந்து வருவது. நீலம் முகப்பு விளக்குக்கும் சிவப்பு ஓரவிளக்குக்கும் உரியவை, கருப்பு, எர்த். இந்த வண்ணங்களை அறிந்தவர் எந்தப் பிரிட்டிஷ் காரின் டாஷ்போர்டுக்கு அடியிலும் வழி தவற மாட்டார். பழைய தொகுதிகளில் செம்பு இழைகளின் மேல் ரப்பரும், அதன் மேல் பருத்திப் பின்னலும் இருக்கும். பி.வி.சி. உறை வந்தது பிறகு. நம் வெப்பத்தில் ரப்பர் வெடித்து உதிரும். எலி கடித்ததும் உண்டு. அக்காலக் கார்களில் ஃபியூஸ்களும் ஒன்றிரண்டே என்பதால் ஓர் உரசல் தீயாக மாறும் அபாயம் மெய்யானது.

லூகாஸ் மின்கருவிகளைப் பற்றிப் பிரிட்டனில் கேலிகள் பல. அதன் நிறுவனருக்கு ‘இருளின் இளவரசர்’ என்றே பட்டம் சூட்டினார்கள். ஆயினும் நாற்பது ஐம்பது ஆண்டு கடந்த வண்டியில் பெரும்பாலான கோளாறுகளுக்கு வேர் எர்த் இணைப்பில் இருக்கிறது. மின்சாரம் திரும்பிச் செல்லும் வழி உடலின் தகடே. துரு அதைத் தடுக்கும். புதிதாய் அடித்த பெயிண்டும் தடுக்கும். அழகாகப் பெயிண்ட் அடித்து வந்த கார் விளக்கு எரியாமல் நிற்பதற்கு, எர்த் போல்ட்டின் அடியில் பெயிண்டைச் சுரண்டாததே காரணமாக இருப்பதுண்டு. இன்னொன்று: 1960களின் நடுப்பகுதி வரை பல பிரிட்டிஷ் கார்களில் பேட்டரியின் நேர்முனையே உடலோடு இணைந்திருந்தது. இதை அறியாமல் இன்றைய ரேடியோவைப் பொருத்தினால் அது கருகிவிடும்.

இருக்கைகளுக்கும் வரலாறு உண்டு. நாம் சாதாரணமாகச் சொல்லும் ‘ரெக்சின்’ ஒருகாலத்தில் மான்செஸ்டர் அருகே ஹைடு என்னும் ஊரில் தயாரான செயற்கைத் தோலின் வணிகப் பெயர். துணியின் மேல் செல்லுலோஸ் நைட்ரேட் பூசிச் செய்தது. பின்னர் வினைல் வந்தபோதும் பெயர் மட்டும் தமிழில் தங்கிவிட்டது. இருக்கைக்குள் ரப்பர் பட்டைகள், பஞ்சு, நுரை ரப்பர், நம் ஊரில் தேங்காய் நார் என்று காலத்துக்குக் காலம் பொருள் மாறியிருக்கிறது. பழைய இருக்கையைப் பிரிப்பவர் ஒன்றன் கீழ் ஒன்றாக மூன்று உறைகளைக் காண நேரலாம். அகழாய்வின் மண்ணடுக்கு போன்றது அது.

இந்த அடுக்கை என்ன செய்வது? கேள்வி இங்கேதான் கடினமாகிறது. 2021 ஜூலையில் இந்திய அரசு மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, முதற்பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு ‘விண்டேஜ்’ என்னும் தனிப் பதிவை ஏற்படுத்தியது. வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும் என்கிறது விதி. பெரும் மாற்றம் எது என்று சொல்லுமிடத்தில் சட்டகம், உடற்கூடு, எஞ்சின் ஆகிய மூன்றையே பெயர் குறிப்பிடுகிறது. வயரிங், இருக்கை, டாஷ்போர்டு பற்றிப் பேச்சில்லை. கோட்டையில் மதிலை மட்டும் பட்டியலிட்டு மண் குழாயை விட்டுவிடுவதற்கு ஒப்பானது இது. ஸ்பிட்ஃபயருக்கு வேண்டிய புதிய வயரிங் தொகுதியும் இருக்கை உறையும் தரைவிரிப்பும் இன்று பிரிட்டனிலிருந்து பெட்டியில் வந்து இறங்கும். பழையதைப் பிடுங்கிக் குப்பையில் போட்டுவிட்டுப் புதியதை ஒரு வாரத்தில் பூட்டிவிடலாம். சட்டம் கேட்காது, பார்ப்பவரும் மெச்சுவார்.

இவ்விடத்தில் இரண்டு சாசனங்களை நினைவுகூர வேண்டும். 1964இன் வெனிஸ் சாசனம் தொல்கட்டடங்களுக்கானது. ஊகம் தொடங்கும் இடத்தில் மீட்டமைப்பு நிற்க வேண்டும் என்பதும், ஒரு கட்டடத்தில் ஒவ்வொரு காலமும் சேர்த்ததை மதிக்க வேண்டும் என்பதும் அதன் சாரம். பழைய வாகனங்களுக்கான பன்னாட்டுக் கூட்டமைப்பு 2012இல் ஏற்ற டூரின் சாசனம் இதே சிந்தனையைக் காருக்குக் கொண்டுவந்தது: மாற்றம் குறைவாக இருக்கட்டும், செய்ததைப் பதிந்து வைக்கவும் என்றது.

செஞ்சி இதற்கு நல்ல பாடம். கோனார்கள் தொடங்கி விஜயநகரத்தின் கீழ் நாயக்கர்கள், 1649இல் பீஜப்பூர், 1677இல் சிவாஜி, 1690 முதல் 1698 வரை நீண்ட முகலாய முற்றுகை, 1714இல் வீழ்ந்த தேசிங்கு, 1750இல் பிரெஞ்சுக்காரர், 1761இல் ஆங்கிலேயர் என்று கை மாறிய கோட்டை அது. 2025இல் மராத்தியர் கால இராணுவ நிலவமைப்புகள் என்னும் தொகுதியின் 12 கோட்டைகளில் ஒன்றாக, மகாராஷ்டிரத்துக்கு வெளியே உள்ள ஒரே கோட்டையாக, உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அதற்காக நாயக்கர் களஞ்சியத்தையோ சாதத்துல்லாகான் மசூதியையோ அகற்ற எவரும் சொல்ல மாட்டார்கள். எது அசல் செஞ்சி என்று கேட்டால், இவை அனைத்தும்தான்.

இங்கே வாழ்ந்த காருக்கும் அந்த நியாயம் உண்டு. இறக்குமதி முடங்கியிருந்த ஆண்டுகளில் உதிரிபாகம் கிடைக்காமல் புதுப்பேட்டையில் தேடி எடுத்த சுவிட்ச், வேறொரு காரிலிருந்து வந்த ஹார்ன், தெருமுனைக் குஷன் கடையில் தைத்த உறை ஆகியவை எல்லாம் பழுதுகள் அல்ல. தட்டுப்பாட்டுக் கால இந்தியாவின் ஆவணங்கள். பிரிட்டிஷ் விளம்பரத் தாளைப் பார்த்து அவற்றை நீக்கும்போது, அந்த வண்டி இங்கே வாழ்ந்த ஐம்பது ஆண்டுகளை நீக்குகிறோம். 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையரின் வழி நமக்குத் தெரிந்ததே: ஒரு பாடத்தைத் தேர்ந்தாலும் மற்றப் பாடங்களை அவர் மறைக்கவில்லை.

இதனால் வெடித்த ரப்பர் கம்பியை அப்படியே விடச் சொல்வதாகப் பொருளில்லை. தீப்பிடிக்கும் வயரிங்கைக் காப்பது பாதுகாப்பு ஆகாது. செய்யக்கூடியது எளிது. பேட்டரியைக் கழற்றிய பிறகு, ஒவ்வொரு முனையிலும் எண் எழுதிய சீட்டைக் கட்டி, படம் எடுத்து, பழைய தொகுதியைக் கிழிக்காமல் வெளியே எடுக்க வேண்டும். பலகையில் கிளைகள் பிரியும் இடங்களில் ஆணி அடித்து அதன் உருவை வரைந்துகொண்டால், அதே வண்ணத்தில், அதே தடிமனில் புதியதைக் கட்டிவிடலாம். மேலே பருத்திப் பின்னல், உள்ளே பி.வி.சி. என்று செய்தால் கண்ணுக்கும் பொருந்தும், உயிருக்கும் ஆபத்தில்லை. கூடுதல் ஃபியூஸ்களை எளிதில் கழற்றக்கூடியவாறு சேர்க்கலாம். பழைய தொகுதியையும் உறையின் ஒரு துண்டையும் பெட்டியிலிட்டு, எந்த ஆண்டு எடுத்தது என்று எழுதி வைத்தால் போதும்.

அந்தப் பெட்டிக்குப் பெரிய இடம் தேவையில்லை. செஞ்சியின் அரண்மனைக்கு அப்படியொரு பெட்டியை எவரும் விட்டுச் செல்லவில்லை. ஆகவேதான் வெறும் அடித்தளத்தைப் பார்த்து மற்றவற்றை ஊகிக்கிறோம். நம் காலத்துப் பொருள்களுக்கு அந்த நிலை வரவேண்டும் என்ற கட்டாயம் ஏதுமில்லை.